லீஃப்ஸ் மேலாளரைத் திட்டுவதற்கு முன்: டிரேட், டிராஃப்ட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டொராண்டோவில் குடியேறி மேப்பிள் லீஃப்ஸ் ரசிகர்களாகிவிட்ட நம்மவர்களோடு பனி ஹாக்கி பற்றிப் பேச உட்கார்ந்தால், நேற்றைய ஆட்டத்தில் தொடங்கும் பேச்சு கால் மணி நேரத்தில் பழைய டிரேட்டுகளுக்குப் போய்விடுகிறது. யாரைக் கொடுத்தார்கள், யாரை வாங்கினார்கள், டிராஃப்டில் யாரைத் தவறவிட்டார்கள் என்பதெல்லாம் நேற்று நடந்தது போல ஆறாமல் இருக்கிறது. பல ஆண்டுகளாக என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை, கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

பொது மேலாளர் என்றால் பயிற்சியாளரா? இருவரில் யாரைக் குறை சொல்வது?

இருவரும் வேறு. இன்று இரவு யார் பனியில் இறங்குவது, யார் யாரோடு சேர்ந்து ஆடுவது என்பதைப் பயிற்சியாளர் முடிவு செய்கிறார். அவருக்குக் கிடைக்கும் ஆட்டக்காரர்கள் யார் என்பதைப் பொது மேலாளர் முடிவு செய்கிறார். ஒப்பந்தம், டிரேட், டிராஃப்ட், பயிற்சியாளரை அமர்த்துவதும் நீக்குவதும் அவர் கையில்தான் இருக்கின்றன. வட அமெரிக்காவின் தொழில்முறை ஹாக்கி லீகான என்எச்எல்லில் 2005-ஆம் ஆண்டு ஓர் அணியின் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு வந்த பிறகு, பணக்கார அணிகள் தங்கள் தவறுகளைப் பணத்தால் மூடி மறைக்கும் வழி பெரும்பாலும் அடைபட்டது. அதனால் மேலாளரின் ஒவ்வொரு முடிவுக்கும் கனம் கூடிவிட்டது.

டிராஃப்ட் என்பது என்ன? “பிக்” ஒன்றைக் கொடுத்தார்கள் என்கிறீர்களே, அது ஆளா, பொருளா?

ஆண்டுதோறும் கோடையில், 18 வயதை எட்டும் இளம் ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சிதான் டிராஃப்ட். இப்போது 32 அணிகள், ஏழு சுற்றுகள். முந்தைய பருவத்தில் மோசமாக ஆடிய அணிக்கு முன்வரிசை கிடைக்கும். பருவ முடிவில் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃபுக்குப் போகாத அணிகளுக்குள் குலுக்கலும் உண்டு. பிக் என்பது அந்த வரிசையில் ஓர் இடத்துக்கான உரிமை. இரண்டு ஆண்டுகள் கழித்து வரப்போகும் பிக்கைக்கூட இன்றே டிரேட்டில் கொடுத்துவிடலாம். அப்படிக் கொடுக்கும்போது அந்த இடத்தில் வரப்போகும் பையனின் பெயர் யாருக்கும் தெரியாது. அவனுக்கு அப்போது 16 வயதுதான் ஆகியிருக்கும்.

இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பல பதில்கள் இதற்கே திரும்பி வருகின்றன.

ராஸ்க்கைக் கொடுத்துவிட்டு ரேக்ராஃப்டை வாங்கினார்கள். ஒருவர் நட்சத்திரமானார், மற்றவர் காணாமல் போனார். இது மோசமான டிரேட் என்று சொல்ல ஆராய்ச்சி எதற்கு?

மோசமான டிரேட்தான், அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் நீங்கள் சொல்லும் காரணத்தால் அது மோசமாகவில்லை.

பாஸ்டனோடு அந்த டிரேட் நடந்த 2006 ஜூன் 24 அன்று இருந்த நிலையைப் பாருங்கள். டூக்கா ராஸ்க், முந்தைய ஆண்டு லீஃப்ஸ் 21-ஆவது இடத்தில் எடுத்திருந்த, பின்லாந்தில் ஆடிக்கொண்டிருந்த 19 வயதுக் கோல்கீப்பர். லீஃப்ஸிடம் ஜஸ்டின் போகி என்ற இன்னொரு இளம் கோல்கீப்பரும் இருந்தார். அந்த ஆண்டு ஜனவரியில்தான் அவர் கனடாவுக்கு உலக ஜூனியர் தங்கம் வென்று கொடுத்திருந்தார். இருவரில் ஒருவரை விற்கலாம் என்று மேலாளர் ஜான் ஃபெர்குசன் ஜூனியர் நினைத்ததில் பிழையில்லை. யாரை வைத்துக்கொள்வது என்பதில் தவறினார். போகி என்எச்எல்லில் ஏழு ஆட்டங்களோடு நின்றுவிட்டார். இந்தத் தவற்றை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். இளம் கோல்கீப்பர்கள் எப்படி வளர்வார்கள் என்பதைக் கணிப்பதில் எல்லா அணிகளும் தடுமாறுகின்றன.

விலையில்தான் பிழை இருந்தது. ஆண்ட்ரூ ரேக்ராஃப்ட் 2004-இல் சிறந்த புதுமுக விருதை வென்றவர் என்பது உண்மை. ஆனால் அதற்கடுத்து ஆடிய பருவத்தில் எட்டு ஆட்டங்களை மட்டுமே வென்று, பாஸ்டனில் தன் இடத்தையே இழந்திருந்தார். தனக்கு வேண்டாதவராகிவிட்ட ஒருவரை விற்க வந்த அணிக்கு, முதல் சுற்றுக் கோல்கீப்பர் ஒருவரை முழு விலையாகக் கொடுத்தது அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டிய தவறு. ராஸ்க் பின்லாந்திலேயே தங்கிவிட்டிருந்தாலும் அந்தத் தவறு தவறாகவே இருந்திருக்கும்.

அப்படியானால் பின்னால் நடந்ததை வைத்துத் தீர்ப்புச் சொல்லவே கூடாதா?

சொல்லலாம், சொல்லவும் வேண்டும். மேலாளருக்குச் சம்பளம் கொடுப்பதே எதிர்காலத்தை மற்றவர்களைவிடக் கொஞ்சம் நன்றாகக் கணிப்பதற்காகத்தான். “அன்று யாருக்குத் தெரியும்” என்ற ஒரே வாக்கியத்தில் அவர் எப்போதும் தப்பித்துக்கொள்ள முடியாது.

நான் செய்வது, ஒவ்வொரு முடிவையும் இரண்டு முறை பார்ப்பது. முதலில் அன்றைய தேதியில் நின்று, அன்று தெரிந்தவற்றை மட்டும் வைத்து விலை சரியா என்று பார்க்கிறேன். பிறகு இன்று நின்று, என்ன நடந்தது என்று பார்க்கிறேன். இரண்டும் ஒத்துப்போகாத ஒரே ஒரு டிரேட்டை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஒரே மேலாளரின் பத்து டிரேட்டுகளில் ஏழு, அவர் எதிர்பார்த்ததற்கு எதிர்த்திசையில் போயிருந்தால், அவருடைய கணிப்பிலேயே ஏதோ கோளாறு இருக்கிறது என்று பொருள். பின்னோக்கிப் பார்ப்பதன் உண்மையான பயன் அங்கேதான் தொடங்குகிறது.

கெசலுக்காக செகினையும் ஹாமில்டனையும் தூக்கிக் கொடுத்தோம். இதைவிடப் பெரிய முட்டாள்தனம் உண்டா?

இந்தக் கேள்வியைக் கேட்காத லீஃப்ஸ் ரசிகரை நான் சந்தித்ததில்லை. 2009 செப்டம்பரில் மேலாளர் பிரையன் பர்க், பாஸ்டனிடமிருந்து ஃபில் கெசலை வாங்கினார். கொடுத்தது 2010-இன் முதல் சுற்று பிக், அதே ஆண்டின் இரண்டாம் சுற்று பிக், 2011-இன் முதல் சுற்று பிக். அன்று செகினும் இல்லை, ஹாமில்டனும் இல்லை. மூன்று வெற்று இடங்கள் மட்டுமே இருந்தன. அடுத்த பருவத்தில் லீஃப்ஸ் 30 அணிகளில் 29-ஆவதாக வந்தது. அதனால்தான் அந்த வெற்று இடம் இரண்டாவது பிக்காக உருவெடுத்து, பாஸ்டன் டைலர் செகினை எடுத்தது. 2011-இன் பிக் ஒன்பதாவதாக அமைந்து, டூகி ஹாமில்டன் ஆனது.

கெசலைக் குறை சொல்ல இடமில்லை. முந்தைய பருவத்தில் 36 கோல் அடித்த, 22 வயதுகூட நிரம்பாத ஆட்டக்காரர் எளிதில் விற்பனைக்கு வருவதில்லை. டொராண்டோவில் ஆடிய ஆறு பருவங்களிலும் கோல்களையும் கோலுக்கு உதவியதையும் சேர்த்து எண்ணும் அணியின் புள்ளிப் பட்டியலில் அவரே முதலிடத்தில் இருந்தார். பர்க்கின் தவறு, தன் சொந்த அணியைத் தவறாக எடை போட்டதுதான். அந்த அணி நடுத்தர அணி என்று அவர் நம்பினார். நடுத்தர அணியின் முதல் சுற்று பிக் பதினைந்தாவது இடத்தை ஒட்டி வரும், அந்த விலைக்குக் கெசல் மலிவு. முந்தைய நான்கு பருவங்களாகப் பிளேஆஃபையே பார்க்காத அணிக்குத் தலைமை ஏற்றவர், அது அடிமட்டத்துக்குப் போகவும் கூடும் என்று கணக்கில் எடுத்திருக்க வேண்டும். பிக்குகளுக்கு எந்தப் பாதுகாப்பு நிபந்தனையும் வைக்காமல் கொடுத்ததே என் பார்வையில் அந்த டிரேட்டின் நடுப்புள்ளி.

இந்த டிரேட்டின் மீதான கோபம் ஏன் ஆறவில்லை என்பதற்கு 2013 மே 13 இரவே காரணம். பாஸ்டனில் பிளேஆஃப் முதல் சுற்றின் ஏழாவது, கடைசி ஆட்டம்; மூன்றாவது பகுதியில் லீஃப்ஸ் 4–1 என்று முன்னிலை. மூன்றாவது கோலை அடித்தவர் கெசல்தான். பிறகு ஒரு கோல் போனது. கடைசி ஒன்றரை நிமிடத்துக்குள் இரண்டு கோல்கள் போயின. சமன் செய்த கோல் விழுந்தபோது 51 விநாடிகளே மீதம் இருந்தன. ஓவர்டைமில் பாஸ்டனின் பெர்ஜரான் அடித்ததோடு எல்லாம் முடிந்தது. எதிரணியின் வலைக்கு முன்னால் நின்றவர் ராஸ்க், எதிரணியின் வரிசையில் செகின். நான் ஒரு நண்பர் வீட்டு அடித்தளத்தில் பதினோரு பேரோடு அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்டம் முடிந்து வெகு நேரம் யாரும் எழுந்து விளக்கைப் போடவில்லை. அந்த வலியை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த இரவில் கைநழுவியது ஓர் ஆட்டம். அதை வைத்து மூன்று ஆண்டுகள் இடைவெளியில், இரண்டு வெவ்வேறு மேலாளர்கள் செய்த டிரேட்டுகளை ஒரே மூட்டையாகக் கட்டக் கூடாது.

பாதுகாப்பு நிபந்தனை என்று சொன்னீர்களே, அது உண்மையில் பயன்படுகிறதா?

ஒட்டாவாவின் கதையைப் பாருங்கள். 2017 நவம்பரில் மேட் டுஷேனை வாங்குவதற்காக அந்த அணி கொலராடோவுக்கு முதல் சுற்று பிக் கொடுத்தது. 2018-இன் பிக் முதல் பத்துக்குள் விழுந்தால் அதைத் தானே வைத்துக்கொண்டு, பதிலாக 2019-இன் பிக்கைக் கொடுக்கலாம் என்று ஒரு நிபந்தனையும் இருந்தது. அணி சரிந்தது, பிக் நான்காவதாக வந்தது. அதை வைத்துக்கொண்ட ஒட்டாவா பிரேடி கச்சக்கை எடுத்தது. பின்னாளில் அவர் அணியின் கேப்டனானார். 2019-இன் பிக்கும் நான்காவதாகவே அமைந்து, கொலராடோவுக்கு போவன் பைரம் கிடைத்தார். 2022-இல் என்எச்எல் வாகையருக்கான ஸ்டான்லி கோப்பையை வென்ற அணியில் அவர் இருந்தார்.

அந்த ஒரு வரி நிபந்தனை ஒட்டாவாவின் இழப்பை அழிக்கவில்லை. ஆனால் எதை இழப்பது என்று கண்ணைத் திறந்து முடிவு செய்யும் வாய்ப்பைக் கொடுத்தது. பர்க்குக்கு அந்த வாய்ப்பே இல்லை.

2008-இல் எரிக் கார்ல்சன் இருக்கும்போது லூக் ஷென்னை எடுத்தார்களே, அவர்களுக்குக் கண் இல்லையா?

கார்ல்சன் அந்த ஆண்டு 15-ஆவதாக எடுக்கப்பட்டவர். அவருக்கு முன்னால் 14 பெயர்கள் வாசிக்கப்பட்டன. மூன்று முறை சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது வாங்கிய ஒருவரை அத்தனை அணிகள் தாண்டிப் போயின என்றால், அதை ஒரு மேலாளரின் குருட்டுத்தனமாகச் சொல்வது நியாயமில்லை. டிராஃப்டை மதிப்பிடும்போது, பின்னால் எடுக்கப்பட்ட ஆகச் சிறந்தவரோடு ஒப்பிடாமல், அந்த இடத்தை ஒட்டி எடுக்கப்பட்ட ஏழெட்டுப் பேரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஷென்னுக்கு அடுத்து எடுக்கப்பட்ட நிகிதா ஃபிலாடோவ் என்எச்எல்லில் நிலைக்கவே இல்லை.

எனக்கு உறுத்துவது வேறு. ஏழாவது இடத்திலிருந்து ஐந்தாவது இடத்துக்கு ஏறுவதற்காக லீஃப்ஸ் கூடுதலாக இரண்டு பிக்குகளைக் கொடுத்தது. அன்றிரவு ஒட்டாவாவும் கார்ல்சனுக்காக 18-இலிருந்து 15-க்கு ஏறியது. இருவரும் ஒரு பையன்மேல் ஆசை வைத்து விலை கொடுத்தவர்கள். ஒருவரின் கண் சரியாக இருந்தது. நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு லீஃப்ஸ் ஷென்னைக் கொடுத்து, 2007-இன் இரண்டாவது பிக்கான ஜேம்ஸ் வான் ரீம்ஸ்டைக்கை ஒருவருக்கு ஒருவர் என்ற கணக்கில் வாங்கியது. வான் ரீம்ஸ்டைக் டொராண்டோவில் ஒரு பருவத்தில் 36 கோல் வரை அடித்தார். அந்த டிரேட் பர்க்கின் கணக்கில் வரவாக எழுதப்பட வேண்டியது. கெசலைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதைப் பேசுவதில்லை.

டெட்ராய்ட் 171-ஆவது இடத்தில் டட்சுக்கை எடுத்தது, 210-ஆவது இடத்தில் செட்டர்பெர்க்கை எடுத்தது. இதுதானே மேதைமை?

அவர்கள் இவ்வளவு பெரியவர்களாவார்கள் என்று டெட்ராய்டுக்கு உறுதியாகத் தெரிந்திருந்தால், 1998-இலும் 1999-இலும் அத்தனை சுற்றுகள் காத்திருந்திருக்குமா? டட்சுக்குக்கு முன்னால் அதே அணி அதே நாளில் வேறு பலரை எடுத்தது. ஆகவே இதில் பெரும்பங்கு அதிர்ஷ்டம்.

ஆனால் முழுவதும் அதிர்ஷ்டம் இல்லை. ஐரோப்பாவில் ஹோக்கன் ஆண்டர்சன் என்ற தேர்வாளரை வைத்து, மற்ற அணிகள் எட்டிப் பார்க்காத அரங்குகளில் டெட்ராய்ட் தேடிக்கொண்டிருந்தது. கடைசிச் சுற்றுகளில் எடுக்கப்படுபவர்களில் பெரும்பாலோர் என்எச்எல்லில் ஓர் ஆட்டம்கூட ஆடுவதில்லை என்பதால், அங்கே பாராட்ட வேண்டியது எங்கே தேடினார்கள் என்பதைத்தான். டாம்பா அணியும் அப்படியே: குச்செரோவை 58-ஆவதாகவும், பாயிண்ட்டை 79-ஆவதாகவும், பாலாட்டை 208-ஆவதாகவும் எடுத்தது. ஒரே அமைப்பில் இது மறுபடி மறுபடி நடக்கும்போது அதிர்ஷ்டத்தின் பங்கு குறைந்துகொண்டே வருகிறது.

லிண்ட்ரோஸ் டிரேட்டால்தான் கொலராடோவுக்கு ரொவா கிடைத்தார் என்கிறார்கள். அப்படிக் கணக்கைத் தொடர்ந்துகொண்டே போகலாமா?

தொடர்வதில் சுவை உண்டு, தீர்ப்பு இல்லை. 1992-இல் க்யூபெக் அணி எரிக் லிண்ட்ரோஸை ஃபிலடெல்ஃபியாவுக்குக் கொடுத்து, பீட்டர் ஃபோர்ஸ்பெர்க் உள்ளிட்ட பலரையும், இரண்டு முதல் சுற்று பிக்குகளையும், 1.5 கோடி டாலரையும் பெற்றது. அந்த பிக்குகளில் ஒன்று 1993-இல் ஜோஸலின் திபோ என்ற கோல்கீப்பரானது. அணி 1995-இல் டென்வருக்கு இடம்பெயர்ந்து கொலராடோ ஆனது. அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று மொன்ட்ரியால் தன் சொந்த அரங்கில் டெட்ராய்டிடம் 11–1 என்று தோற்ற ஆட்டத்தில், ஒன்பது கோல்கள் வாங்கும் வரை தன் கோல்கீப்பர் பாட்ரிக் ரொவாவை மொன்ட்ரியால் பயிற்சியாளர் வெளியே எடுக்கவில்லை. வெளியே வந்த ரொவா, பெஞ்சுக்குப் பின்னால் அமர்ந்திருந்த அணி நிர்வாகத்தின் தலைவரிடம் நேராகப் போய், இதுவே இங்கே தன் கடைசி ஆட்டம் என்று சொன்னார். நான்கு நாள்களில் அவர் கொலராடோவில் இருந்தார்; அவருக்காகக் கொடுக்கப்பட்ட மூவரில் திபோவும் ஒருவர். அடுத்த ஜூனில் கொலராடோ கோப்பையை வென்றது.

லிண்ட்ரோஸை விற்ற நாளில் இதை யாரும் திட்டமிடவில்லை. திபோ என்ற சொத்தை ரொவாவாக மாற்றியது 1995-இன் மேலாளர் பியேர் லக்ரோவா எடுத்த தனி முடிவு. அதன் பெருமை அவருக்கு. மொன்ட்ரியால் மேலாளர் ரெஜான் ஊல் பக்கத்தையும் பாருங்கள்: ஆள் போயே தீருவார் என்று ஊரே அறிந்த பிறகு பேரம் பேச உட்கார்ந்தவர். நான்கு நாள்களில் விற்க வேண்டிய கட்டாயம் இருந்ததா என்று கேட்பதே அவர் விஷயத்தில் சரியான கேள்வி.

எத்தனை ஆண்டு கழித்துத் தீர்ப்புச் சொல்வது?

2016 ஜூன் 29 அன்று நாஷ்வில்லின் ஷே வெபரும் மொன்ட்ரியாலின் பி.கே. சுபானும் இடம் மாறினார்கள். மறு ஆண்டே நாஷ்வில் இறுதிப் போட்டிக்குப் போனதும், மொன்ட்ரியால் ஏமாந்தது என்றார்கள். 2019-இல் நாஷ்வில் சுபானின் சம்பளச் சுமையை இறக்க அவரை நியூ ஜெர்சிக்கு அனுப்பியது. 2021-இல் வெபர் தலைமையில் மொன்ட்ரியால் இறுதிப் போட்டிக்குப் போனது. அதுவே அவருடைய கடைசி ஆட்டத் தொடராகவும் அமைந்தது. கடிகாரத்தை எங்கே நிறுத்துகிறோமோ, அங்கே வெற்றியாளர் மாறுகிறார். டிரேட் செய்த நாளில் மேலாளர் எத்தனை ஆண்டுக்குள் பலன் வேண்டும் என்று நினைத்தாரோ, அந்தக் கால அளவே பொருத்தமானது என்பது என் எண்ணம்.

அதே நாளில் எட்மன்டன் டெய்லர் ஹாலைக் கொடுத்தது. சியரெல்லியைப் பற்றிச் சொல்வதெல்லாம் நியாயம்தானா?

அன்று எட்மன்டன் மேலாளராக இருந்த பீட்டர் சியரெல்லி, அதற்கு முன் 2011-இல் பாஸ்டனுக்குக் கோப்பை வென்று தந்த மேலாளர் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ராஸ்க் டிரேட் அவர் பெயரில் பேசப்பட்டாலும், அது அவர் பொறுப்பேற்பதற்கு முன் இடைக்கால மேலாளர் ஜெஃப் கார்ட்டன் செய்தது. செகினும் ஹாமில்டனும் அவர் காலத்தில் வந்தவர்கள். 2013-இல் செகினை டாலஸுக்கு அனுப்பியவரும் அவரே.

எட்மன்டனில் ஹாலுக்குப் பதிலாக ஆடம் லார்சன் என்ற தடுப்பாட்டக்காரர் ஒருவர் மட்டும் வந்தார். அடுத்த பருவத்தில் எட்மன்டன் 2006-க்குப் பின் முதன்முறையாகப் பிளேஆஃபுக்குப் போனது. டிரேட் பலித்தது என்றார்கள். அதற்கடுத்த ஆண்டு ஹால் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான விருதை வென்றார், பேச்சு மாறியது. இந்த இரண்டையும் விட்டுவிட்டு விலையை மட்டும் பாருங்கள். லார்சன் நல்ல தடுப்பாட்டக்காரர், அணிக்கு அப்படி ஒருவர் தேவைப்பட்டதும் மெய். தன் தேவையை எதிராளி அறிந்திருக்கும்போது, அவர் கேட்ட விலையை, கூடுதலாக ஒரு பிக்கைக்கூடக் கேட்காமல், சியரெல்லி கொடுத்துவிட்டார்.

ஒரு டிரேட்டாக இருந்தால் விட்டுவிடலாம். 2015-இல் 16-ஆவது, 33-ஆவது பிக்குகளைக் கொடுத்து கிரிஃபின் ரைன்ஹார்ட்டை வாங்கினார். அவர் எட்மன்டனுக்கு 29 ஆட்டங்கள் ஆடினார். அந்த 16-ஆவது இடத்தில் நியூயார்க் ஐலண்டர்ஸ் மேத்யூ பார்சலை எடுத்தது. எட்மன்டனும் பார்சலைத்தான் எடுத்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் அவருக்கு அடுத்து 17-இல் கைல் கானர், 18-இல் தாமஸ் ஷாபோ இருந்தார்கள். 2017-இல் பிளேஆஃபில் ஒரு கோல்கூட அடிக்காத ஜோர்டன் எபர்லேயைக் கொடுத்து ரயன் ஸ்ட்ரோமை வாங்கினார். ஸ்ட்ரோமின் பருவம் மோசமாகத் தொடங்கியதும், 2018 நவம்பரில் அவரைக் கொடுத்து ரயன் ஸ்பூனரை வாங்கினார். ஸ்ட்ரோம் நியூயார்க்கில் மீண்டும் எழுந்தார். வரிசையாக அடுக்கினால் ஒரே பழக்கம் தெரிகிறது: ஆட்டக்காரரின் மதிப்பு அடிமட்டத்தில் இருக்கும் வேளையில் விற்பது. 2019 ஜனவரியில் அவரை நீக்கினார்கள். இந்த அடுக்கைப் பார்த்தபின் அது நியாயம் என்றே சொல்வேன்.

உரிமையாளர் கட்டளையிட்டு நடந்த டிரேட்டுக்கு மேலாளர் பொறுப்பா?

முடிவு அவருடையதாக இல்லாதபோது, விற்றதற்கு அவர் பொறுப்பில்லை. எவ்வளவுக்கு விற்றார் என்பதற்கு ஓரளவு பொறுப்பு. 1988 ஆகஸ்டில் எட்மன்டன் வேய்ன் கிரெட்ஸ்கியை விற்றதற்கு உரிமையாளர் பீட்டர் பாக்லிங்டனே காரணம். மேலாளர் கிளென் சாதர் மீதியிருந்த அணியை வைத்து 1990-இல் மறுபடி கோப்பையை வென்றார். அவரை மதிப்பிட அந்த இரண்டு ஆண்டுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

செய்யாமல் விட்ட டிரேட்டை எப்படிக் கணக்கில் எடுப்பது?

எல்லாக் கேள்விகளிலும் இதுவே கடினமானது, ஏனென்றால் செய்யாமல் விட்டது எந்தப் பட்டியலிலும் வராது. லீஃப்ஸின் நட்சத்திர ஆட்டக்காரராக இருந்த மிட்ச் மார்னரின் ஒப்பந்தத்தில், 2023 ஜூலை 1-க்குப் பிறகு அவர் சம்மதமின்றி அவரை எங்கும் அனுப்ப முடியாது என்ற விதி இருந்தது. அந்த மே மாதத்தில் லீஃப்ஸ் மேலாளர் கைல் டுபாஸ் போய், மாத இறுதியில் பிராட் ட்ரெலிவிங் வந்தார். புதியவருக்கு இருந்தது ஒரே மாதம். 2025-இல் மார்னர் வேகஸுக்குப் போனபோது, பதிலாக நிக்கோலா ராய் மட்டுமே வந்தார்.

செய்யாததை மதிப்பிட, அதற்கு ஒரு கெடு இருந்ததா என்று மட்டும் பார்க்கிறேன். கெடு இருந்தால், அதைத் தாண்ட விடுவதும் ஒரு முடிவுதான். டிரேட் செய்தது போலவே அதற்கும் தேதி போட்டு எழுதிவைக்கலாம்.

நாளை ஒரு டிரேட் நடந்தால் நான் எதைக் குறித்துவைக்க வேண்டும்?

அன்றே, செய்தி வந்த ஒரு மணி நேரத்துக்குள், நீங்கள் என்ன நினைத்தீர்கள் என்பதைத் தேதியோடு எழுதுங்கள். ஒப்பந்தங்களில் எத்தனை ஆண்டு மீதம், சம்பளம் எவ்வளவு, பிக் என்றால் என்ன நிபந்தனை, விற்பவருக்கு என்ன அவசரம் என்று நாலு வரி போதும். பிறகு திருத்தாதீர்கள்.

என் குறிப்பேட்டில் 2019 ஜூலை 1-க்கு உரிய பக்கம் இப்போது என் முன்னால் இருக்கிறது. நாசெம் காட்ரியைக் கொலராடோவுக்குக் கொடுத்து, டைசன் பாரியையும் அலெக்சாண்டர் கெர்ஃபுட்டையும் வாங்கிய நாள். “வலப்பக்கத் தடுப்பாட்டக்காரர் கிடைத்தார். காட்ரி இரண்டு வசந்தங்களாகப் பாஸ்டனுக்கு எதிராகத் தடை வாங்கினார். நல்ல டிரேட்” என்று நீல மையில் எழுதியிருக்கிறேன். அதற்குக் கீழே, நானே பதிவு செய்த இரண்டு எண்கள்: காட்ரி 45 லட்சம் டாலர் வீதம் இன்னும் மூன்று ஆண்டுகள், பாரி இன்னும் ஓர் ஆண்டு. அந்த மூன்றாவது ஆண்டில்தான் காட்ரி கொலராடோவோடு கோப்பையைத் தூக்கினார். பாரி அதற்கு இரண்டு கோடைக்கு முன்பே டொராண்டோவை விட்டுப் போயிருந்தார். கோப்பையை அன்று யாரும் முன்கூட்டிக் கண்டிருக்க முடியாது. மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கு அந்தப் பக்கத்திலேயே, என் கையெழுத்திலேயே இருந்தது.